ஆடித் தள்ளுபடியும் 640 ரூல்களும்

ஜூன் 10, 2024, திங்கள்

ஆடித் தள்ளுபடிக்கான ரூல்களை, அதாவது 'இப்படி இருந்தால் இந்தத் தள்ளுபடி' என்ற விதிகளை, பில்லுக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்கும் ரூல் எஞ்சின் மென்பொருளில் இன்றே ஏற்றச் சொன்னார்கள். பழையது, புதியது எல்லாம் சேர்த்து 640. ஏற்றிய பிறகு ஒரு பில் போட 11 நொடி ஆகிறது, தி.நகர் கடையில் ஆடிக்கூட்டத்தில் இதை வைத்தால் அடிதான் விழும். "முக்கியமான ரூலுக்கு சேலியன்ஸை ஏத்திவிடுப்பா, வேகமாயிடும்" என்றார் டீம் லீட். சேலியன்ஸ் என்பது எந்த ரூல் முதலில் ஓட வேண்டும் என்று சொல்லும் முன்னுரிமை எண். 10-ஐ 100 ஆக்கினேன். அதே 11 நொடி. ஒரு புண்ணியவான் ஏற்கெனவே 9999 வேறு போட்டு வைத்திருக்கிறார்.

ஜூன் 11, செவ்வாய்

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எங்களுடையது ரீட்டி வகை எஞ்சின். எந்தத் தகவலுக்கு எந்த ரூல் பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் முறைதான் ரீட்டி. சார்லஸ் ஃபோர்ஜி 1970களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. ரீட்டி என்றால் லத்தீனில் வலை.

எங்கள் தெருமுனை டீ மாஸ்டர் தினமும் வருகிறவர்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதில்லை. யாராவது "இன்னியிலேர்ந்து சர்க்கரை வேணாம்" என்றால் அவர் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்வார். ரீட்டியும் அதே மாதிரி, ஏற்கெனவே பொருந்தியதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, மாறிய தகவலை மட்டும் வலைக்குள் இறக்குகிறது. 'பில் 5,000 ரூபாய்க்கு மேல்' என்ற நிபந்தனை நாற்பது ரூல்களில் இருந்தாலும் வலையின் ஒரே கணுவில் (முடிச்சில்) ஒரே தடவைதான் சோதனை. இப்படி ஒவ்வொரு தகவலையும் தனியாகச் சோதிப்பது ஆல்ஃபா பக்கம். வாடிக்கையாளரையும் ஆர்டரையும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது பீட்டா பக்கம், மெமரியைத் தின்பதும் அதுதான்.

பொருந்திய ரூல்கள் அஜெண்டாவில், அதாவது ஓடுவதற்கான வரிசையில், வந்து நின்ற பிறகுதான் சேலியன்ஸுக்கே வேலை. பந்தியில் யாரை முதலில் உட்கார வைக்கலாம் என்று மாற்றி மாற்றி யோசித்தால் சாதம் சீக்கிரம் வெந்துவிடுமா?

ஜூன் 13, வியாழன்

கிடைத்துவிட்டது! ஒரு ரூலில் முதல் வரி 'ஏதோ ஒரு வாடிக்கையாளர்', அடுத்த வரி 'ஏதோ ஒரு ஆர்டர்', இரண்டின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது கடைசியில் ஒரு இவால் (தனியாக எழுதும் சோதனை) வரியில். 3,000 வாடிக்கையாளர், 400 ஆர்டர், ஆக 12 லட்சம் ஜோடி போட்டுவிட்டு அப்புறம் கழித்துக்கொண்டிருந்தது. 'உறுப்பினர் அட்டை உள்ளவர்' என்பதை முதல் வரியிலேயே சேர்த்து, எண் ஒப்பீட்டை ஆர்டர் வரிக்குள் கொண்டுபோனேன். இப்போது எஞ்சின் எண்ணை வைத்து நேராக அந்த ஆளின் ஆர்டரை எடுத்துக்கொள்கிறது. அரை நொடி கூட ஆகவில்லை.

யார் எழுதியது என்று கிட்டில் (கோடில் யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு) பார்த்தேன். நான்தான், இரண்டு வருடம் முன்பு. டீம் லீடிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

1,000 ரூபாய் பில்லுக்கு 10% தள்ளுபடி. லாகில் (எஞ்சின் செய்வதைக் காட்டும் பதிவு) 900, 810, 729 என்று இறங்கிக்கொண்டே போகிறது. "கடைசியில சட்டை இலவசமா?" என்றார் டெஸ்டிங் அக்கா. ஒரே தகவலுக்கு ஒரே ரூல் இரண்டு தடவை ஓடாதுதான், ஆனால் ரூலே பில் தொகையை மாற்றினால் எஞ்சினுக்கு அது புதுத் தகவல். 'தள்ளுபடி இன்னும் போடவில்லை' என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் நின்றது.

சூட்டோடு சூடாக அந்த 9999 சேலியன்ஸையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று டெஸ்ட் ஃபெயில் ஆனது. மூன்றிலும் பொதுத் தள்ளுபடியும் உறுப்பினர் தள்ளுபடியும் ஒரே பில்லுக்கு அடித்துக்கொள்கின்றன. பொது ரூலில் 'உறுப்பினர் அல்லாதவர்' என்று எழுதாமல் நம்பரை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். அந்த நிபந்தனையைத் திங்கட்கிழமை எழுதுகிறேன், இப்போது ஓடினால்தான் தரமணியில் ரயிலைப் பிடிக்கலாம்.