நான்கு ஆட்டத்தில் பதினோரு ஸ்விங்

ஒரு பள்ளி பேஸ்பால் வீரனைப் பார்க்க ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை ஐந்து முறை போனேன். ஆட்டம் பார்க்கக் கிடைத்தது நான்கு முறை. பையன் 15 தடவை பிளேட்டுக்கு, அதாவது அடிக்கும் இடத்துக்கு, வந்தான். அதில் 9 வாக் (எதிரணி அடிக்கத் தகுந்த பந்து போடாமல், அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), ஒரு முறை பந்து தோளில் பட்டு முதல் பேஸ். எல்லாம் சேர்த்து அவன் பேட்டைச் சுழற்றியதை, அதாவது ஸ்விங்கை, நான் பார்த்தது 11 தடவைதான்.

நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் வலது கை ஹிட்டர், சென்டர் ஃபீல்டர். பெயரும் ஊரும் எழுத முடியாது. தொழில்முறை அணிக்காக ஒரு வட்டாரத்தில் புது வீரர்களைத் தேடும் ஏரியா ஸ்கவுட்டுக்கு உதவும், என்னைப் போன்ற அசோசியேட் ஸ்கவுட்டுகளுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பட்டியலில் பெயர் வருவது, அட்டவணை எடுப்பது, மைதானத்துக்குள் போவது எல்லாம் அரை நாள் வேலை. பலமாக அடிக்கிற பையனுக்கு எதிரணி பந்தே போடாது என்பதுதான் பெரிய தொல்லை. பவரைப் பற்றி எழுத வேண்டுமானால் ஸ்விங் பார்க்க வேண்டும். எத்தனை ஆட்டம் பார்த்தோம் என்ற கணக்கு அங்கே உதவாது.

1992 ஆகஸ்டில் ஜப்பானின் கோஷியன் மைதானத்தில் செய்ரியோ பள்ளியின் ஹிதேகி மட்சுயிக்கு மெய்தோகு கிஜுகு பள்ளி ஐந்து தடவையும் வேண்டுமென்றே வாக் கொடுத்து 3-2 என்று ஜெயித்தது. அன்றைக்கு மட்டும் போன ஸ்கவுட்டுக்கு ஆட்டத்தில் ஒரு ஸ்விங்கூடக் கிடைத்திருக்காது. அதே ஆண்டு டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) யோமியுரி ஜயன்ட்ஸ் அணி முதல் சுற்றில் அவரை எடுத்தது என்றால், அதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தார்கள் என்று பொருள்.

முதல் பயணத்தில் நான் செய்த தவறு, அவன் அணி வெளியூர் போய் ஆடும் நாளைத் தேர்ந்தெடுத்தது. வெளியூர் அணியின் பஸ் ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்புதான் வந்து நிற்கும். மைதானத்தில் பேட்டிங் பிராக்டிஸ் கிடையாது. வேலியோரம் சாஃப்ட் டாஸ் நாலு பந்து, அவ்வளவுதான். ஆட்டத்தில் நான்கு தடவை வந்தான், மூன்று வாக். அதில் இரண்டு, எதிரணி கோச் அம்பயரிடம் கையைக் காட்டி ஒரு பந்துகூட வீசாமல் கொடுத்தது. பள்ளி விதிகளில் அதற்கு இடம் உண்டு. போக வர 180 கிலோமீட்டர். கிடைத்தது இரண்டு ஸ்விங், ஒரு கிரவுண்டர்.

அதனால் முதல் இரண்டு பயணமாவது சொந்த மைதான ஆட்டமாக இருக்கட்டும். நான்கு மணி ஆட்டம் என்றால் பள்ளி விட்டதும் 2:45 அளவில் பேட்டிங் பிராக்டிஸ் ஆரம்பிக்கும். 2:30க்கே அங்கே இருக்க வேண்டும். இன்றைக்கு மைதானத்திலா, வலைக்கூண்டிலா என்று முந்தின நாளே கோச்சிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எதிரணியின் பிட்சர் யார் என்று பாருங்கள். 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பள்ளிப் பிட்சர்களுக்குப் பந்து எண்ணிக்கை வரம்பும் ஓய்வு நாளும் வைத்தாக வேண்டும். எதிரணியின் கடந்த நான்கைந்து நாள் ஸ்கோர் பார்த்தால் யார் வீச முடியாது என்று கணக்குப் போட்டுவிடலாம். அவர்களுடைய முதல்தரப் பிட்சர் வீசும் நாளில் போங்கள். மணிக்கு 76 மைல் வேகத்தில் வீசும் பையன் பயந்து வெளியே வெளியே போடுவான். 88 வீசுகிறவனுக்குத் தன் பந்தின் மேல் நம்பிக்கை இருக்கும், நேருக்கு நேர் வருவான். நமக்கு வேண்டியதும் அந்த வேகத்துக்கு எதிரான ஸ்விங்தான்.

இரண்டாவது பயணம் முழுக்க வீண். முந்தின இரவு மழை. நண்பகலில் பள்ளி விளையாட்டு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்த ஊழியர், "அட்டவணையில் இருக்கிறபடிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் மைதானத்தில் தண்ணீர், ஆள் ஒருவரும் இல்லை. காலையிலேயே ஆட்டத்தை வேறு ஊரிலுள்ள செயற்கைப் புல் மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கடைசி இன்னிங்ஸும் முடிந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான், சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது மழைக்கு மறுநாள் அலுவலகத்தை நம்புவதில்லை. உதவிக் கோச் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்து, ஒன்றரை மணிக்கு மேல் "எந்த மைதானம்?" என்று ஒரு வரி அனுப்புகிறேன். "ஆட்டம் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்ற பதில் மட்டும்தான் வரும்.

மூன்றாவது முறைதான் பேட்டிங் பிராக்டிஸ் பார்த்தேன். நான்கு சுற்று, 24 ஸ்விங். வெப்பநிலை 46 ஃபாரன்ஹீட். குளிரில் காற்று அடர்த்தியாகிப் பந்து குறைவாகப் போவது உண்மைதான், ஆனால் 10 டிகிரிக்குச் சுமார் 3 அடிதான் குறையும். குளிர் அதிகம் கெடுப்பது கையையும் பேட்டையும். விரல் மரத்துப்போனால் பையன்கள் பிடியை இறுக்குவார்கள், மணிக்கட்டு சுழலாது. காம்போசிட் (கார்பன் இழை) பேட் விரிசல் விடும் என்பதால் 60 டிகிரிக்குக் கீழே அதை எடுக்காமல், பழக்கமில்லாத அலாய் பேட்டோடு வருகிறவர்களும் உண்டு. கையில் எந்த பேட் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளாமல் வேகத்தை மட்டும் எழுதினால் பின்னால் ஒப்பிடவே முடியாது.

உலோக பேட்டின் சத்தத்துக்கு மயங்க வேண்டாம். 2012 முதல் பள்ளிகளில் பிபிகோர் தரம் (பேட்டில் பட்ட பந்தின் துள்ளலுக்கு வரம்பு) வந்தபின் பழைய துள்ளல் குறைந்தது உண்மை. ஆனாலும் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்ட பந்து உலோகத்தில் உள்வளையத்தை (இன்ஃபீல்ட்) தாண்டி விழும், மரத்தில் அதே பந்துக்கு பேட் உடையும். இந்தப் பையனின் 24இல் ஐந்து அந்த ரகம். வெளியே நின்று கேட்ட பெற்றோருக்கு எல்லாமே நல்ல அடி. கோடையில் ஷோகேஸ்களில் (ஸ்கவுட்டுகள் பார்ப்பதற்காகவே நடக்கும் முகாம்கள்) மர பேட்டோடு ஆடிய வீடியோ இருந்தால் அதை முதலில் தேடிப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள்.

ரேடார் கன் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கன், பந்து போகும் கோட்டிலேயே இருக்க வேண்டும். கோணம் 20 டிகிரி விலகினால் 100 மைல் பந்து 94 என்று காட்டும். 40 டிகிரி என்றால் 77. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சென்டர் பக்கம் போகும் பந்துக்கு மட்டுமே அளவு சரி. லெஃப்ட் ஃபீல்ட் மூலைக்கு இழுத்து அடித்த பந்து, இருப்பதைவிட மெதுவாகத் தெரியும். சில சமயம் உள்ளே வரும் பந்தின் வேகத்தையோ பேட்டின் வேகத்தையோ பிடித்துவிடும். நான் சென்டர் பக்கம் போன பந்துகளை மட்டும் எழுதினேன்: 98, 99, 101. பின்னால் ஒரு தந்தை தன் செயலியில் 107 வந்ததாகச் சொன்னார். அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வேலியின் தூரத்தையும் அளந்துவிடுங்கள். கோல்ஃப் ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் லேசர் கருவி போதும். இங்கே லெஃப்ட் மூலையில் 298 அடிதான் இருந்தது. நல்ல வானிலையில் 100 மைல் வேகத்தில் 28 டிகிரி ஏற்றத்தில் போகும் பந்து 390 அடியைத் தொடும். 298 அடி வேலியைத் தாண்டுவதற்கு அதில் பாதித் திறமை போதும். லெக் சைடு சிக்ஸர் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு இழுத்து அடித்த ஹோம் ரன் பெரிதாகத் தெரியும். ரைட்-சென்டர் பக்கம் போகிற பந்து கடைசி நூறு அடியில் விழத் தொடங்குகிறதா, இன்னும் மிதந்து போகிறதா என்று பாருங்கள். பவர் அங்கேதான் தெரியும். இவனுடையது மிதந்தது. மூன்று பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது.

ஆட்டத்தில் வலது கை ஹிட்டர் என்றால் முதல் பேஸ் பக்கம் நின்று படம் எடுங்கள். மார்பும் கைகளும் அங்கிருந்துதான் தெரியும். ஒரு ஸ்விங்கையும் விடாமல் எழுத வேண்டியது: பந்து எந்த வகை, ஸ்டிரைக் மண்டலத்தில் (அடிக்கத் தகுந்த எல்லைக்குள்) இருந்ததா, என்ன ஆனது. ஃபவுல்களை (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடிகள்) வீணாக்காதீர்கள். நேர் பின்னால் வலையில் போனால் நேரம் சரி, சற்றுக் கீழே பட்டிருக்கிறது. மூன்றாவது பேஸ் பக்கம் போனால் முந்திவிட்டான். முதல் பேஸ் பக்கம் போனால் பிந்திவிட்டான். அன்றைய நான்கு ஸ்விங்கில் மூன்று ஃபவுல். இரண்டு நேர் பின்னால், ஒன்று 87 மைல் பந்துக்குப் பிந்தியது. நான்காவது, மண்ணில் விழுந்த ஸ்லைடருக்குச் சுற்றி ஸ்டிரைக் அவுட். மண்டலத்துக்கு வெளியே ஏமாறுவதை ஓரளவு திருத்தலாம். மண்டலத்துக்குள் வரும் நேர்ப்பந்தைத் தவறவிடுகிற ஹிட்டரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

வாக் ஆனாலும், பந்து வீசித்தான் கொடுத்தார்கள் என்றால் அதில் பார்க்க நிறைய இருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் ஒரே நேரத்தில் ஊன்றுகிறதா? கைகள் பின்னால் போய்த் தயாராகி அங்கேயே நிற்கின்றனவா, அல்லது பேட் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொள்கிறதா? அடிக்கத் தொடங்கி நிறுத்துகிறானா, முதலிலிருந்தே அடிக்கும் எண்ணம் இல்லாமல் நிற்கிறானா? நான்காவது பயணத்தில் மூன்று வாக், ஒரே ஒரு ஸ்விங். ஆனால் வீசப்பட்ட பதினோரு பந்துகளைப் படமெடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியபோது, வளைப்பந்துக்கு மட்டும் முன்தோள் சீக்கிரம் திறப்பது தெரிந்தது. அறிக்கையில் எழுதிய மிக உபயோகமான வரி அதிலிருந்து வந்தது.

கால் வேகம் பெரிய வேலை இல்லை. பேட்டில் பட்டதிலிருந்து பேஸில் கால் வைப்பது வரை ஸ்டாப்வாட்ச். வலது கைக்காரருக்கு 4.3 வினாடி என்றால் ஸ்கவுட்டுகளின் 20-80 அளவில் 50, அதாவது சராசரி. இவன் 4.28.

கை வீச்சுதான் சிக்கல். ஆட்டத்தில் அவுட்ஃபீல்டர் முழு பலத்தோடு எறிய வேண்டிய தருணம் வராமலே போகலாம். ஆட்டத்துக்கு முந்திய இன்ஃபீல்ட்-அவுட்ஃபீல்ட் பயிற்சியில்தான் அதைப் பார்க்க முடியும். அதைப் பல பள்ளிகள் சுருக்கிவிட்டன. குளிர் நாட்களில் நடுவில் நின்று பந்தை வாங்கிக் கொடுக்கும் ஆள் வரைக்கும்தான் எறியச் சொல்கிறார்கள்.

இனி காகிதம். வாக் கொடுத்ததைவிட இதுதான் என்னை அதிகம் அலைய வைத்தது. பையனைப் பற்றிய விவரம் கேட்கும் கேள்வித்தாளில் உயரம், எடை, காயம், கண் பார்வை, கல்லூரி ஒப்புதல், எதிர்பார்க்கும் தொகை என்று எல்லாம் இருக்கும். பையனிடமே கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்ததில் பிறந்த தேதி இல்லை, பெற்றோர் கையெழுத்தும் இல்லை. பதினெட்டு முடியாதவனுக்கு அந்தக் கையெழுத்து இல்லாமல் தாள் செல்லாது. பிறந்த தேதியும் சின்ன விஷயம் இல்லை. ஒரே வகுப்பில் 17 வயதுக்காரனும் 19ஐத் தொட்டவனும் இருப்பார்கள், அதே அடிக்கு இரண்டு மதிப்பு. இதே நியூ ஜெர்சியில் மில்வில் பள்ளியிலிருந்து 2009இல் மைக் டிரவுட்டை ஏஞ்சல்ஸ் 25ஆவது இடத்தில் எடுத்தபோது அவருக்கு 18 ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவரைப் பின்தொடர்ந்த ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், அவருடைய அப்பாவோடு மைனர் லீக்கில் ஆடியவர். குடும்பத்தை அப்படி நேரில் அறிந்தவர்களுக்கு இந்தத் தாள் ஒரு சடங்கு. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் எல்லாம். பெற்றோர் வரும் ஆட்டத்துக்குப் போய், அவர்கள் கையிலேயே கொடுத்து, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் எழுதிய உயரத்தையும் நம்பாதீர்கள். பேசும் சாக்கில் பக்கத்தில் நின்று பார்த்தேன். 6 அடி 3 என்று போட்டிருந்த பையன் 6 அடி 1தான்.

தொகையைப் பற்றி நேராகக் கேட்டுவிட வேண்டும். நான்காண்டுக் கல்லூரிக்குப் போய்விட்டால் மூன்று ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயது ஆகும்வரை, மீண்டும் எடுக்க முடியாது. டிராஃப்ட் இப்போது 20 சுற்றுதான். பத்தாவது சுற்றுக்குப் பிறகு 1,50,000 டாலருக்கு மேல் கொடுப்பது அணி புது வீரர்களுக்குக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட போனஸ் தொகுப்பில் கழியும். "நல்ல வாய்ப்பு வந்தால் யோசிப்போம்" என்பது பதிலே இல்லை. இந்தப் பையனின் அம்மா ஒரு எண்ணைச் சொன்னார், ஏன் அந்த எண் என்றும் சொன்னார். இவ்வளவு தெளிவான பதில் இந்தப் பருவத்தில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது பயணத்தில் கிராஸ்செக்கரும் (ஏரியா ஸ்கவுட் சொன்ன வீரரை மறுபடி பார்த்து மதிப்பிடும் மூத்த ஸ்கவுட்) வந்திருந்தார். கோச் தானாகவே பையனை பேட்டிங் வரிசையில் முதல் இடத்தில் ஆட வைத்திருந்தார். முதல் இன்னிங்ஸில் பேஸ் காலியாக, எதிரணியின் சிறந்த பிட்சரோடு, வாக் கொடுக்க மனம் வராத நேரம். இரண்டாவது பந்து, 89 மைல், வெளி மூலை. ரைட்-சென்டர் வேலிக்கு மேல். பிறகு ஒரு டபுள், ஒரு ஃப்ளை அவுட், கடைசியில் ஒரு வாக். நான்கு ஸ்விங், ஒன்றுகூடப் பந்தில் படாமல் காற்றில் போகவில்லை. கிராஸ்செக்கர் ஆறாவது இன்னிங்ஸில் கிளம்பிவிட்டார். கையெழுத்துப் போட்ட தாள் அதற்குள் என் பையில் இருந்தது.

20-80 அளவில் நான் எழுதியது: உடல் பவர் 60, ஆட்டத்தில் இன்றைய பவர் 30, எதிர்காலம் 55. ஹிட் எதிர்காலம் 45, வளைப்பந்துக்குத் தோள் திறப்பதால். ஓட்டம் 50, ஃபீல்டிங் 50. கைக்கும் 50 போட்டு, பக்கத்தில் "ஒரே ஒரு எறிதலை வைத்து" என்று எழுதிவிட்டேன். மாநிலப் போட்டிக்குள் யாராவது ஒருவர் அவர்கள் சொந்த மைதானத்துக்குப் போய் அந்த அவுட்ஃபீல்ட் பயிற்சியைப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முக்கால் மணி முன்பு, 3:15க்கு ஆரம்பிக்கிறார்கள்.