நிறுத்தலாமா, ஓட்டலாமா

கொதிகலனில் ஒரு குழாய் ஓட்டையானால் தண்ணீர்க் கணக்குதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டன் தண்ணீர் போதும் என்றிருக்கும் யூனிட் (பாய்லரும் டர்பைனும் சேர்ந்த ஒரு தொகுதி), திடீரென்று கூடுதலாகக் குடிக்க ஆரம்பிக்கும். குறைந்த தண்ணீருக்கு ஈடாகச் சேர்ப்பதை மேக்கப் என்போம். டெஸ்க்கில் இருப்பவர் "சார், மேக்கப் ஏறுது" என்று சொன்னதும் கண்ட்ரோல் ரூமில் பேச்சு நின்றுவிடும். அப்புறம் ஒருவர் பாய்லர் பக்கம் போய், ஒவ்வொரு தளமாக ஏறி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வருவார்.

வடசென்னைப் பக்கம் ஒரு பழைய அனல்மின் நிலையத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாய்லர் ஆபரேட்டர். பதவியில் நான் அவருக்கு மேல். நாலு பேர் முன்னால் என்னை "சார்" என்பார், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் "தம்பி". நான் அவரை எப்போதும் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டேன். முதல் முறை என்னைப் பாய்லரின் பின்பக்கம் அழைத்துப் போனபோது எனக்கு எல்லாமே ஒரே இரைச்சலாகக் கேட்டது. குழாய்களில் படியும் சாம்பலை நீராவியால் ஊதித் தள்ளும் சூட் ப்ளோயரின் சத்தமும் அதில் கலந்திருந்தது. "தம்பி, சூட் ப்ளோயர் சத்தம் வரும், போவும். ஓட்டைச் சத்தம் வந்துச்சுன்னா நிக்கவே நிக்காது" என்றார். அதைப் பிரித்துக் கேட்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

எங்கள் பாய்லரில் அதிகம் ஓட்டையானது எகனாமைசர் குழாய்கள்தான். பாய்லருக்குள் போகும் தண்ணீரைப் புகையின் மிச்சச் சூட்டில் முன்கூட்டியே சூடாக்கும் பகுதி அது. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல். அதில் மணல் போன்ற கடினமான துகள்கள் இருக்கும். அவை புகையோடு வேகமாக வந்து குழாய்களின் மேல் உரசி உரசி, வருடக்கணக்கில் சுவரைத் தேய்த்துவிடும். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேல் அழுத்தம். தேய்ந்த இடத்தில் ஊசி முனையளவு வழி கிடைத்தால் போதும், தண்ணீர் பீறிட்டு வரும். சும்மாவும் வராது. சுற்றியிருக்கும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு போய் எதிரே இருக்கும் குழாயை அறுக்கும். அது ஓட்டையாகி அடுத்ததை அறுக்கும்.

ஆகவே கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இப்போதே நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் ஓட்டுவதா? யூனிட்டை நிறுத்தினால் பாய்லர் ஆறி, மனிதன் உள்ளே போகும் அளவுக்கு வரவே ஒரு நாள் பக்கம் ஆகும். குழாயை வெட்டி, வெல்டிங் செய்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, எண்ணெய் எரித்து அடுப்பை மூட்டி, மறுபடியும் கிரிட்டோடு சேர்க்க மொத்தம் மூன்று நாள். எண்ணெய் டேங்கர் கணக்கில் போகும். மின்சாரத்தைப் பங்கிடும் லோடு டிஸ்பாட்ச்சிலிருந்து, தேவை உச்சத்தில் இருக்கும் பீக் நேரத்தில், போன் வரும்: "பீக் முடியட்டும் சார், பத்து மணிக்கு நிறுத்திக்கலாமே." பத்து மணிக்குப் பேசினால் காலை பீக்கைச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் தட்டுப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் மேலதிகாரிகளும் அதற்கு ஒத்துக்கொண்டதை இன்றும் தவறு என்றுதான் சொல்வேன். என் மூன்றாவது வருடத்தில் அப்படி ஒன்றரை நாள் ஓட்டினோம். திறந்து பார்த்தபோது 19 குழாய்கள் போயிருந்தன. அண்ணா உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றினார். அவர் முதல் சாயங்காலமே நிறுத்தச் சொல்லியிருந்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு கஷ்டம். மழையில் நனைந்த கரி, அதைச் சேர்த்து வைக்கும் பங்கரில் களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும், கீழே இறங்காது. கரி இறங்காவிட்டால் அதைப் பொடியாக்கும் மில் காலி, மில் காலியானால் அடுப்பில் ஜ்வாலை தடுமாறும், எண்ணெய் கொடுத்துத் தாங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்மட்டியால் சரிவுக் குழாயை இரவு முழுக்க அடிப்பார்கள். நிரந்தர ஊழியர் வாங்கும் சம்பளத்தில் சின்னப் பங்குதான் அவர்களுக்கு. பத்து வருடம், பதினைந்து வருடம் அதே இடத்தில் அடித்தவர்கள் உண்டு. எந்தச் சரிவு எந்த மழைக்கு அடைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு இரவு நிலையத்துக்கே மின்சாரம் போய்விட்டது. அன்றும் அவர்கள்தான் காப்பாற்றினார்கள். நீராவியில் ஓடும் டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுவது. நின்றபின் சூடான ரோட்டரை, அதாவது அதன் சுற்றும் தண்டை, அப்படியே விட்டுவிட முடியாது. மேல்பாதி சூடாகவும் கீழ்பாதி ஆறியும் போனால் அத்தனை டன் இரும்பும் வளைந்துவிடும். அதனால் மோட்டார் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பெயர் பாரிங். அன்று பேட்டரியில் ஓடும் மசகு எண்ணெய் பம்ப் மட்டும் இருந்தது, பாரிங் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. கையால் நெம்பிச் சுற்றினோம். அரைச் சுற்று, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் அரைச் சுற்று. எமர்ஜென்சி விளக்கில் ஆறு பேர் மாறி மாறி நெம்பினார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். கரண்ட் வந்தபின் ரோட்டர் நேராகவே இருந்தது. மறுநாள் அறிக்கையில் அந்த ஆறு பேரின் பெயர்களையும் எழுதினேன். ஒப்பந்தத் தொழிலாளர் பெயர் தேவையில்லை என்று அடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் அங்கே என்னை விடாமல் உறுத்தியது. இந்த மாதிரிப் பழைய யூனிட்டில் கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாக மாறுவது கஷ்டம். பெரும்பங்கு, டர்பைனிலிருந்து வரும் நீராவியை மறுபடியும் தண்ணீராக்கும் கண்டென்சரில், குளிர்விக்கும் நீரோடு வெளியே போய்விடும். கோபன்ஹேகன், வார்சா மாதிரிக் குளிர் ஊர்களில் மின் நிலையத்தின் சூட்டையே வெந்நீராகக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பி அறைகளைச் சூடாக்குகிறார்கள். மே மாதச் சென்னையில் யாருக்கு வேண்டும் சூடு? ஆனால் தண்ணீர் வேண்டுமே. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், வடசென்னை அனல்மின் நிலையத்தில் கண்டென்சர் வெந்நீரை வைத்தே கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துக் காட்டியது. வெந்நீரைக் குறைந்த அழுத்தத்தில் விட்டால் ஒரு பகுதி ஆவியாகும், அந்த ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது எனக்கு எங்கள் வெளியேற்றுக் கால்வாய்தான் ஞாபகம் வந்தது. அத்தனை வருடம் எவ்வளவு சூட்டைச் சும்மா ஊற்றினோம்!

2012-இல் நான் ஷிப்ட் இன்சார்ஜ். சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு, மற்ற மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் செய்து, "நீங்க கரண்ட் ஆபீஸ்தானே?" என்று கேட்பார்கள். ஒரு நாள் இரண்டாம் ஷிப்டில், மாலை ஆறு மணிக்கு, மேக்கப் ஏறியது. அண்ணா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். நானே ஏறிப் போய்க் கேட்டேன். எகனாமைசர் தளத்தில் கதவுப் பக்கம் காதை வைத்தால், மெல்லிசாக, நிற்காத ஒரு உஸ். சூட் ப்ளோயரை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டேன். இருந்தது.

கீழே வந்து லோடு டிஸ்பாட்ச்சுக்குச் சொன்னேன். "சார், பீக் சார் இது. ராத்திரி வரைக்கும் தாங்காதா?" தாங்கும், அது எனக்கும் தெரியும். லோடைக் குறைக்க ஆரம்பித்துவிட்டேன், ஏழரைக்கு யூனிட்டை நிறுத்துகிறேன் என்றேன். மேலிடத்திலிருந்து வந்த போனுக்கும் அதையே சொன்னேன். கை நடுங்கியது. ஏழரைக்கு நிறுத்தினோம், பாரிங்கில் போட்டோம், பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணி ஷிப்ட் முடிந்து திருவொற்றியூரில் வீட்டுக்கு வந்தபோது தெருவே இருட்டாக இருந்தது. எல்லோரும் வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பையன் மெழுகுவர்த்தியில் படித்துக்கொண்டிருந்தான். அம்மா விசிறியோடு திண்ணையில் இருந்தார்.

"இன்னைக்கு எதுப்பா நின்னுச்சு?"

"எங்களோடதும்மா. நான்தான் நிறுத்தினேன்."

அம்மா நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறியை வாங்கி வீச ஆரம்பித்தேன். கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆனது.

மறுநாள் ராத்திரி பாய்லரைத் திறந்தார்கள். மூன்று குழாய்கள். ஒன்று ஓட்டை, மற்ற இரண்டும் தேய்ந்திருந்தன.