லேஅவுட் பூங்கா இடத்தில் விளையாட்டுத் திடல்: பணம் சுலபமாகக் கிடைத்தது, பத்திரம்தான் படுத்தி எடுத்தது

ஒருவழியாக எங்கள் குடியிருப்பில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்துவிட்டன. ஊரில் உள்ள ஒரு சேவை சங்கத்திடம் (ரோட்டரி, லயன்ஸ் மாதிரி) கேட்டதும் இடத்தை வந்து பார்த்து, செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது பாடு.

பெரிய லேஅவுட் என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் 'பூங்கா' என்று தெளிவாக இருக்கிறது, ஆனால் நகராட்சி அலுவலகக் கோப்பில் பத்திரம் இல்லை. நகரமைப்புப் பிரிவில் கேட்டால் வருவாய்ப் பிரிவைக் கேளுங்கள் என்பார்கள், அங்கே போனால் அது நகரமைப்பில்தான் இருக்கும் என்பார்கள். பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "பத்திரம் இல்லாம அனுமதி கிடையாது" என்று அந்த எழுத்தர் சொன்னதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவர்கள் பெயரில் இருக்கும் பத்திரத்தை எங்களிடம் கேட்கிறார்கள்!

பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் (அந்த இடத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள். எங்களுக்கு அதில்தான் தானப்பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் கிடைத்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி மேஜையில் வைத்தோம், மறுபேச்சில்லாமல் கோப்பு நகர்ந்தது. யாரிடமும் கெஞ்சாமல் இதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

சுற்றுச்சுவரும் நடைபாதையும் 'நமக்கு நாமே' திட்டத்தில் போட்டோம். அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. எங்கள் பங்கைச் சேவை சங்கம் கட்டுவதாக ஏற்பாடு. ஆனால் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் இழுத்துக்கொண்டே போய் ஜூன் முடிந்துவிட்டது. ரோட்டரி, லயன்ஸ் எல்லாவற்றிலும் ஜூலை 1 அன்று நிர்வாகிகள் மாறிவிடுவார்கள். புதிதாக வந்த தலைவருக்குக் கண் சிகிச்சை முகாம்தான் முக்கியம், முந்தையவர் வாய்மொழியாகச் சொன்னது அவர் கணக்கிலேயே இல்லை. நல்லவேளை, சங்கக் கூட்டத் தீர்மானத்தின் நகல் எங்கள் கையில் இருந்தது, அதைக் காட்டித்தான் காசோலை வந்தது. அதனால் தீர்மானத்தை எழுத்தில் வாங்காமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

ஒப்பந்தக்காரரிடமும் சண்டைதான். ஊஞ்சலுக்குக் கீழே பேவர் பிளாக் போட்டால் சுத்தமாக இருக்கும் என்றார். விழுந்தால் குழந்தையின் மண்டை என்னாகும்? ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணல் கொட்ட வைத்தோம் (எம்-சாண்ட் வேண்டாம், இறுகிவிடும்). ஸ்டீல் சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து நட்டிருந்தார், குழந்தைகள் விளையாட வரும் நாலு மணிக்கு அதில் கை வைக்க முடியவில்லை. மரநிழல் பக்கம் மாற்றிய பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போட்டோம்.

பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் சங்கம், நகராட்சி, குடியிருப்போர் நலச்சங்கம் மூவரும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். பாக்கி இருப்பது விளக்குக்கான மின் இணைப்பு மட்டும்தான். அதற்கு விண்ணப்பித்தபோதும் முதலில் கேட்டது அதே தானப்பத்திரத்தைத்தான், உடனே எடுத்துக் கொடுத்தோம்.