பாதிக் கண் எதற்கு உதவும்?

பீர்மேடு மலையில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் உயிரியல் நடத்துகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து வருகிறவர்கள். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கினால் ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் கிடைத்த, பரிணாமத்தை மறுக்கும் துண்டுப் பிரசுரத்தோடு ஒருவனாவது வந்துவிடுவான்.

அப்படி வந்த ஒருவன் எழுந்து, “பாதிக் கண் எதற்கு சார் உதவும்? முழுசாக இருந்தால்தானே தெரியும்? அப்படியானால் யாரோ அதைச் செய்திருக்க வேண்டும்” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் இருப்பான், கண்ணும் அப்படித்தான் என்று வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1802இல் எழுதினார். கல்லூரி நாளில் டார்வினே அவரை விரும்பிப் படித்தவர். கண் இயற்கைத் தேர்வால், அதாவது பிழைக்க உதவும் சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதால், உருவானது என்பது அபத்தமாகத் தோன்றும் என்று 1859இல் தம் நூலில் எழுதிவிட்டுத்தான் அவர் விடைக்குள் நுழைகிறார். பிரசுரக்காரர்கள் அந்த முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். திருட்டுத்தனம்தான்.

கரும்பலகையில் வரைந்தேன். ஒளியை உணரும் ஒரு திட்டு இருந்தால் வெளிச்சமா இருட்டா என்று தெரியும். திட்டு கிண்ணம்போல் குழிந்தால் ஒளி வரும் திசையும் தெரியும்; தட்டைப்புழுவின் கண் இப்படித்தான். குழியின் வாய் குறுகினால் மங்கலாக உருவம் விழும். நாட்டிலஸ் என்ற கடல் உயிரி லென்ஸே இல்லாத அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இன்றும் பிழைக்கிறது. பையன் உட்காரவில்லை. “லென்ஸ் எப்படி சார் வந்தது?” அந்த ஆண்டு என்னிடம் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அதுதான்.

அமெரிக்காவில் 2005இல் டோவர் பள்ளிப் பாட வழக்கில், உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியல் அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லி அவனை உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் இடுக்கித் தவளையைச் சொன்னேன். மண்ணுக்கடியில் வாழ்ந்து, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும் பாதாளத் தவளை. 2003இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவுகள் கடல் தாண்டி சேஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரு நிலங்களும் ஒன்றாயிருந்து ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை.

“கடவுள் நினைத்தால் இங்கேயும் அங்கேயும் வைக்கலாமே சார்?”

“வைக்கலாம். ஆனால் அந்த விடை எந்தத் தவளையை எங்கே கண்டாலும் பொருந்தும். அதை வைத்து உறவை எங்கே தேடுவது?”

அவன் ஒப்புக்கொள்ளவில்லை, யோசித்தான். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்னதை, உடன் பணிபுரியும் கத்தோலிக்க ஆசிரியை அவனிடம் எடுத்துச் சொன்னார். “அவர் எங்கள் சபை இல்லையே டீச்சர்” என்று முடித்துவிட்டான்.

எதிர்ப்பவனோடு பேசலாம். எனக்கு அலுப்புத் தருகிறவர்கள் உடனே தலையாட்டுகிறவர்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், “டார்வின் என்ன சார் புதிதாகச் சொல்லிவிட்டார்? மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் எல்லாம் நம் தசாவதாரம்தானே” என்றார். மச்சத்தின் வம்சத்தில் கூர்மம் பிறந்ததாகப் புராணம் சொல்லவில்லையே, ஒவ்வொரு முறையும் விஷ்ணுவேதானே வருகிறார் என்றேன். பெரிதாகச் சிரித்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அரையாண்டுத் தேர்வில் இயற்கைத் தேர்வை விளக்கச் சொன்ன கேள்விக்கு, அவருடைய மகன் பத்து அவதாரங்களையும் வரிசை தப்பாமல் எழுதியிருந்தான்.