மணிக்குக் காது கேட்காது

வருகிற தை வந்தால் மணி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், காது கேட்காத நாய்க்கு எவனாவது மணி என்று பெயர் வைப்பானா மாமா என்று அக்கா மகள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். எங்கள் தெருவில் பாதி நாய்க்கு அந்தப் பெயர்தான், அம்மா வாயில் வருவதும் அதுதான், அவனுக்கு எப்படியும் கேட்கப்போவதில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பக்கத்து மாந்தோப்பில், மோட்டார் ரூம் ஓரமாகத்தான் அவனை முதலில் பார்த்தேன். மாடு கட்டுகிற சங்கிலி, நீளம் இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். சங்கிலி எட்டுகிற வரை மண் தேய்ந்து அரைவட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது, அந்தப் பள்ளத்துக்கு வெளியே புல் பச்சைப் பசேலென்று நின்றது. தோப்புக் காவல்காரர் சொன்னார், "எட்டு வருசமா இங்கனதான் கெடக்கு அண்ணாச்சி. நல்ல வெல குடுத்து வாங்கியாந்த குட்டி. ஆளு வந்தாலும் கொலைக்காது, கூப்ட்டாலும் திரும்பாது, திமிரு புடிச்சது." தோப்புக்காரரிடம் கேட்டேன். வேண்டுமானால் பிடித்துக்கொண்டு போங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

(ஒரு விஷயம். நாயை எப்போதும் கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் சொல்கிற அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தச் சங்கிலி விலையே அதைவிட அதிகம்.)

கால்நடை டாக்டர் பல்லைப் பார்த்து ஒன்பது வயது இருக்கலாம் என்றார். கழுத்தைச் சுற்றி முடியே இல்லை, ஓரிடத்தில் புண். காதுக்குள் பழுப்பாக அழுக்கு, புளித்த மாவு வாடை. மூன்று வாரம் காதைத் துடைத்து மருந்து விட்டோம். பேண்டேஜ் துணிக்கு மட்டும் பஞ்சமே இல்லை, பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாக அதைத்தானே நெய்கிறார்கள்.

காது சுத்தமானால் கேட்கும் என்று ஒரு ஆசை இருந்தது. அடுப்படியில் ஒரு நாள் சில்வர் தட்டு கீழே விழ, மணி வெடுக்கென்று திரும்பினான். எனக்குத் தலைகால் புரியவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் அவன் தூங்கும்போது அதே தட்டைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்று கரண்டியால் அடித்தேன், காது மடல்கூட அசையவில்லை. குக்கர் ஐந்து விசில் விட்டது, அதற்கும் இல்லை. முந்தின நாள் தரை அதிர்ந்திருக்கிறது, அவன் பாதத்தால் கேட்டிருக்கிறான். வீட்டில் சோதித்துப் பார்க்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். தரையைத் தட்டினாலோ, பக்கத்தில் நின்று கை தட்டிக் காற்று பட்டாலோ செவிட்டு நாயும் திரும்பும்.

எங்கள் ஊர் நாய்க்கு இது புதிதும் இல்லை. ராஜபாளையம் நாய் என்றால் பால்வெள்ளை, ரோஸ் மூக்கு, 2005இல் தபால் தலையில்கூட வந்தது. அந்த வெள்ளைக்குத்தான் விலை, வம்பும் அந்த வெள்ளையில்தான். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறதே, அதற்கு ரத்தம் கொடுக்கிற படலம் உயிரோடு இருக்க நிறமி செல்கள் வேண்டும். வெள்ளைக்குக் காரணமான மரபணு அந்தச் செல்களைக் காதுக்குள் போகவிடாமல் செய்துவிட்டால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்தில் படலம் வாடி, கேட்கிற செல்களும் சேர்ந்து செத்துவிடும். குட்டிக்குக் காதுத்துளை திறப்பதே இரண்டு வாரம் கழித்துத்தான், ஆக ஏதோ பத்துப் பதினைந்து நாள் உலகத்தைக் கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறது. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதிலோ இரண்டிலுமோ இந்தக் கோளாறு இருந்திருக்கிறது. ஒரு காது மட்டும் போன நாயை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், அது சாதாரண நாய் மாதிரிதான் நடந்துகொள்ளும், அதையே இனத்துக்கு விட்டு மறுபடி குட்டி எடுப்பார்கள். மணிக்குப் பிறவியிலேயே போனதா, கவனிக்காமல் விட்ட காதுப்புண்ணில் போனதா, வயதில் போனதா என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனைக்கு எங்கள் ஊரில் வழியில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

செவிட்டு நாயைப் பழக்குவது பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள், குரலுக்குப் பதில் கைச்சாடை, அவ்வளவுதான், ரொம்பச் சுலபம். சுலபம்தான். ஆனால் மணியின் முன்னால் நான் முதல்முறை கையைத் தூக்கியபோது அவன் வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான், கொஞ்சம் சிறுநீரும் போய்விட்டது. எட்டு வருடத்தில் தூக்கிய கை எதற்கு என்று அவனுக்கு யாரோ நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். சாடை பார்க்க வேண்டிய நாய் கையைப் பார்க்கவே பயப்பட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது? காது ஒரு பிரச்சினையே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் இரண்டு வாரம் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி டப்பாவில் வைத்துக்கொள்வேன். திண்ணைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கையை முழங்காலுக்கு மேலே தூக்காமல், உள்ளங்கையை விரித்துத் தரையோடு வைத்து, நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு ஓடினான். பத்தாம் நாள் என் விரலிடுக்கில் நாக்கு பட்டது, சொரசொரவென்று சூடாக. கை என்றால் ஈரல் என்று ஆக வேண்டும், அது ஒன்றுதான் அந்த இரண்டு வாரத்துப் பாடம்.

அப்புறம்தான் கட்டைவிரல். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் "சபாஷ், ஈரல் வருது" என்று அர்த்தம். அதையும் முழங்கால் உயரத்தில்தான் காட்டினேன். என்னைத் தானாகத் திரும்பிப் பார்த்தால் கட்டைவிரல், உடனே ஈரல். இதுதான் முக்கியம், மற்ற எல்லாச் சாடையும் இதற்கு அப்புறம்தான். கேட்கிற நாய் என்றால் அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம், இவன் பார்த்தால்தான் நாம் பேசவே முடியும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் போனால் வயசாளி எழுந்து போய்ப் படுத்துக்கொள்வான்.

உட்காரச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன், விட்டுவிட்டேன். இடுப்பு தேய்ந்த நாய், அதுவும் ஓட்டத்துக்கு என்றே அமைந்த நீளக்காலன், உட்காரும்போது பின்கால் நடுங்குகிறது. அந்த வயதில் உட்கார்ந்து காட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது. அதற்குப் பதில் உள்ளங்கையை முன்னால் காட்டினால் நில் என்று பழக்கினேன். அது கேட் ஓரத்தில் நிஜமாகவே உதவுகிறது. மில் பஸ் ஹாரன் அவனுக்கு இல்லை, ஆகவே வெளியே போனால் எப்போதும் வார் உண்டு. கழுத்தில் எதுவும் படக்கூடாது என்று நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னஸ் வாங்கினோம். கடையில் ரிமோட் வைத்த காலரையும் எடுத்துக் காட்டினார்கள், சும்மா அதிர்கிறதும் உண்டு, ஷாக் அடிக்கிறதும் உண்டு. அதிர்கிறது மட்டும் என்றால் செவிட்டு நாய்க்கு நல்ல உபகரணம் என்கிறார்கள். ஆனால் அந்தக் கழுத்தில் இனி எதையும் மாட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. ஹார்னஸில் ஒரு ஆட்டு மணி கட்டியிருக்கிறோம், அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரிய வேண்டுமே. மணிக்கு மணி கட்டியாயிற்று என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டது.

வா என்கிற சாடையில்தான் நான் தோற்றுப்போனேன். வீடியோவில் பார்த்தபடி இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்கு இழுப்பது மாதிரி ஒரு மாதம் பழக்கினேன், பாதி நாள் வருவான், பாதி நாள் வரமாட்டான். அம்மாவோ சாடையெல்லாம் கற்றுக்கொள்ளமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது, "அதுக்குக் கேக்குதோ கேக்கலையோ, நான் வாயாலதாண்டா பேசுவேன்." பேசும், ஆனால் பேசும்போது கை சும்மா இருக்காதே. "வாடா மணி, சோறு திங்க வா" என்று உள்ளங்கையைக் கவிழ்த்து நாலு விரலையும் மடக்கி மடக்கி அழைக்கும், பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி. கையும் இடுப்புக்கு மேலே போகாது, பின்னாலேயே தயிர்சோறும் வரும். ஒரே வாரத்தில் அவன் அதைப் பிடித்துக்கொண்டான். நானும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

தூங்குகிற செவிட்டு நாயைத் திடீரென்று தொடாதீர்கள். மச்சான் செல்லமாக முதுகில் தட்டப்போய் மணிக்கட்டில் பல் பட்டது, தப்பு மணியிடம் இல்லை. ஊசி எல்லாம் போட்டாயிற்று, சரி. அதிலிருந்து, எழுப்புவதற்கு முன் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாடை பிடிக்க விடுவோம், அப்புறம் வலது தோளில் இரண்டு விரல், எப்போதும் அதே இடம், கண் திறந்ததும் ஈரல். இதை முதலில் அவன் விழித்திருக்கும்போதே நூறு தடவையாவது செய்திருப்போம். இப்போது தோளைத் தொட்டால் கண் திறக்கும் முன்பே நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

தீபாவளிக்கு எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது, சோறு தொடவில்லை. மணி முற்றத்தில் மல்லாந்து கிடந்தான். அணுகுண்டு வெடித்தால் மட்டும் தலையைத் தூக்கித் தரையை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பான்.

மாறாதது அந்த அரைவட்டம். வந்த புதிதில் எங்கள் முற்றத்திலும் வேப்பமரத்தடியில் இரண்டு மீட்டருக்கு மேல் போகமாட்டான். கட்டே இல்லை, ஆனாலும் அந்தத் தூரம் வந்ததும் சங்கிலி இழுத்த மாதிரி நின்று, அப்படியே திரும்பிச் சுற்றுவான். ஈரலை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்து வெளியே கொண்டுவர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது வீடு முழுக்க அலைகிறான், மாடிப்படிகூட ஏறுகிறான். ஆனால் படுப்பதற்கு முன்னால் மரத்தடியில் அந்த அரைவட்டத்தை மூன்று நான்கு தடவை நடந்துவிட்டுத்தான் படுக்கிறான், அங்கே எங்கள் மண்ணும் தேய ஆரம்பித்திருக்கிறது.

ராத்திரியில் கூப்பிட டார்ச். கண்ணில் அடிக்காமல், அவன் முன்னால் தரையில் இரண்டு தடவை போட்டு அணைத்தால் உள்ளே வா என்று அர்த்தம். நேற்று மழை தூறியது. டார்ச்சை இரண்டு தடவை போட்டேன். எழுந்தான், உதறினான், ஆட்டு மணி குலுங்கியது, நாலு எட்டு வைத்து வந்து அந்த இடத்தில் நின்றான். நான் கையைக் கவிழ்த்து விரலை மடக்கினேன். வெளிச்சத்தையும் கையையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தான்.