பரங்கிமலைக்குப் போனால் படியேறியே போங்கள்

பரங்கிமலை ரயில் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரர் மலையுச்சிக்கு இருநூறு ரூபாய் கேட்டார். அடிவாரத்தில் இறக்கிவிட்டால் போதும், மேலே படியேறிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் அதே இருநூறுதானாம். எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் பத்து ரூபாய்க்குள் வந்து இறங்கியவனிடம், கூப்பிடு தூரத்துக்கு இருபது மடங்கு கேட்டால் எரிச்சல் வருமா வராதா? விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டேன். வழி கேட்டுக் கேட்டு நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் அடிவாரத்தைப் பிடித்துவிடலாம். வெளியூர்க்காரர்கள் பயந்துகொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள்.

மலை என்றதும் கொடைக்கானல் அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். உயரம் சுமார் முந்நூறு அடிதான். பின்பக்கமாக வாகனப் பாதை இருப்பதால் பெரும்பாலானோர் காரில் மேலே போய், விமான நிலையத்தைப் பார்த்தபடி நாலு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்த மலைக்கு வந்துவிட்டுப் படிகளைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. அந்தப் படிகளே ஒரு மனிதரின் கதை.

அவர் பெயர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். பாரசீகத்தின் ஜுல்ஃபாவிலிருந்து சென்னைக்கு வந்த ஆர்மீனிய வணிகர். இயேசுவின் சீடரும், இந்த மலையில் உயிர் விட்டதாக நம்பப்படுபவருமான தோமையார் மீது அளவு கடந்த பக்தி கொண்டவர். முதியவர்களும் நோயாளிகளும் கரடுமுரடான பாறையில் ஏறத் திணறுவதைப் போக்க, சொந்தச் செலவில் இந்தக் கற்படிகளை அமைத்தார். அதோடு நிற்கவில்லை. கோட்டைப் பக்கமிருந்து வரும் யாத்ரீகர்கள் அடையாற்றைக் கடக்க, சைதாப்பேட்டையில் 1726இல் ஒரு பாலமும் கட்டிக்கொடுத்தார். அந்தப் பழைய பாலம் இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. தினமும் அதன் மீது பஸ்ஸில் போகும் எத்தனை பேருக்கு உஸ்கானைத் தெரியும்? 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்துச் சொத்தையெல்லாம் இழந்தார். 1751இல் இறந்தவரின் உடல் வேப்பேரி புனித மத்தியாஸ் ஆலயத்தில் இருக்கிறது. இதயத்தை மட்டும் பொற்பேழையில் வைத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

ஏறுவது கடினமில்லை. படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. ஓரமாக, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிலுவைப் பாதை நிலைகள் இருக்கின்றன. எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேத்தியும் ஒவ்வொரு நிலையிலும் நின்று ஜெபித்தபடி ஏறினார்கள். பேத்தி அவசரப்பட்டபோது பாட்டி, “மெதுவாக வாடி கண்ணு, தோமையார் எங்கேயும் போகமாட்டார்” என்றார்.

மேலே இருக்கும் ஆலயம் சிறியது. போர்த்துக்கீசியர் 1523இல் கட்டியது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் அன்னை மரியாளின் பெயரில் அமைந்தது. மாதா படம் ஒன்று இருக்கிறது. நற்செய்தியாளர் லூக்காவே வரைந்து தோமையாரிடம் கொடுத்தனுப்பியது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

ஆனால் நான் போனது இங்கிருக்கும் பழைய கற்சிலுவைக்காக. பீடத்தின் பின்சுவரில் பதித்திருக்கிறார்கள். 1547இல் போர்த்துக்கீசியர் இங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. ஒரே கல்லில் புடைத்து நிற்கும் சிலுவை. கைகளின் நுனிகள் மொட்டுப் போல விரிகின்றன. உச்சியில் ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. சுற்றி வளைவாக எழுத்துகள். அவை பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள்! நம் சென்னை மண்ணில் பஹ்லவி! அதன் பொருள் குறித்து அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. தோமையாரே தம் கையால் செதுக்கிய சிலுவை இது, இதைத் தழுவியபடியே உயிர் விட்டார் என்கிறது மரபு. எழுத்தின் வடிவத்தைப் பார்க்கும் ஆய்வாளர்களோ, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்கிறார்கள். எனக்கு அது ஏமாற்றமாகத் தெரியவில்லை. போர்த்துக்கீசியக் கப்பல் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு இந்தக் கல் சாட்சி சொல்கிறது. அதைவிடப் பெரிய அதிசயம் வேறென்ன வேண்டும்?

1558 டிசம்பர் 18ஆம் தேதி திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது இந்தச் சிலுவை இரத்த வியர்வை சிந்தியதாகப் பதிவு இருக்கிறது. அதன் பிறகும் பல முறை அப்படி நடந்து, 1704இல் நின்றுவிட்டதாம். ‘இரத்தம் சிந்திய சிலுவை’ என்ற பெயர் அதனால்தான்.

தோமையார் இறந்த விதத்திலும் இரண்டு கதைகள் உண்டு. கி.பி. 72இல் இந்த மலையில் ஜெபித்துக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியதோ வேறு. குடிலுக்கு வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன, மயிலுக்குக் குறிவைத்த வேடனின் அம்பு தவறி அவர் மீது பாய்ந்தது. மயிலாப்பூரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிலிர்க்கிறது. அந்த இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

வெளியே வந்தால் ஒரு பக்கம் மீனம்பாக்கம் ஓடுபாதை, விமானங்கள் இறங்குவது தெளிவாகத் தெரியும். வில்லியம் லாம்ப்டனையும் இங்கே நினைக்க வேண்டும். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைக்கு அவர் 1802இல் அடிக்கோடு, அதாவது மற்ற கணக்குக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, அளந்தது இந்த மலையை ஒட்டிய சமவெளியில்தான். பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டது அதே அளவைதான்.

செலவுக் கணக்கை முதலிலேயே எழுத நினைத்திருந்தேன், உஸ்கான் இழுத்துக்கொண்டுபோய்விட்டார். ஆலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கீழிருந்தே கொண்டுபோங்கள். பதினொரு மணிக்கு மேல் கல் சுடும், காலையிலேயே ஏறிவிடுங்கள். இறங்கியபின் சைதாப்பேட்டையில் ஒரு சிறிய மெஸ்ஸில் சாப்பிட்டேன். சாப்பாடு நூற்று இருபது ரூபாய். நெத்திலிக் குழம்பில் மாங்காய்த் துண்டு போட்டிருந்தார்கள். கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டார் பரிமாறிய அண்ணன். இந்த ஊரில் இந்த விலைக்கு இப்படி ஒரு குழம்பா! வஞ்சிரம் வறுவலைக் கண்ணால் பார்த்ததோடு சரி. அதன் விலை பட்ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை.

நேரம் இருந்தால் அதே நாளில் சின்னமலையையும் பார்த்துவிடலாம். பரங்கிமலையிலிருந்து போவதானால் மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறிச் சின்னமலை நிலையத்தில் இறங்க வேண்டும். தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை அங்கே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும், பருமனானவர்களுக்குச் சிரமம். துரத்தியவர்களிடமிருந்து தப்பிக் குகையின் பின்பக்கத் துவாரம் வழியாகத்தான் அவர் பெரிய மலைக்குப் போனாராம். அவர் பாறையைத் தட்டி வரவழைத்ததாக நம்பப்படும் ஊற்றும் அங்கேதான். கல்லறை இருக்கும் சாந்தோமை அன்றைக்கே சேர்க்காதீர்கள். அவசரமாகப் பார்க்கும் இடமில்லை அது, தனியாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.