ப்ராஜெக்ட்ல மாங்கனைட் எடுத்திருக்கீங்களா? வைவாவுக்கு முன்னாடி இத படிங்க

வேலூர், காட்பாடி பக்கம் எம்எஸ்ஸி பிசிக்ஸ் படிக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு தான் இது. இங்க மாங்கனைட்னா லாந்தனம், மாங்கனீஸ், ஆக்சிஜன் சேந்த ஆக்சைடு, பெரோவ்ஸ்கைட்ங்கற படிக அமைப்புல இருக்கும். இந்த டாபிக்னா ஒரு வசதி, ஃபர்னஸ் ஒண்ணு இருந்தா சாம்பிள் ரெடி, எக்ஸ்ஆர்டி (படிக அமைப்ப பாக்கற எக்ஸ்ரே டெஸ்ட்), விஎஸ்எம் (காந்தத்த அளக்கற மெஷின்) எல்லாம் வெளிய காசு கட்டி எடுத்துக்கலாம். ரிப்போர்ட்டும் கனமா வரும். ஆனா எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து "ஸ்ட்ரான்சியத்துக்கே காந்தம் கிடையாது, அத போட்டா மட்டும் எப்படிமா காந்தமாவுது?"ன்னு கேட்டா பாதி பேரு முழிச்சிகினு நிப்பாங்க.

மனப்பாடம் வேணாம், எலக்ட்ரான எண்ணுங்க. ஃபார்முலா LaMnO3. லாந்தனம் 3+, மூணு ஆக்சிஜன் சேந்து 6-, அப்போ மாங்கனீஸ் 3+, டி ஆர்பிட்டல்ல 4 எலக்ட்ரான். இந்த ப்யூர் லாந்தனம் மாங்கனைட் சுமார் 140 கெல்வினுக்கு கீழ ஆன்டிஃபெரோ, ஒரு லேயர்ல ஸ்பின் எல்லாம் ஒரு பக்கம், அடுத்த லேயர்ல எதிர் பக்கம், ஒண்ண ஒண்ணு அடிச்சிடும். லாந்தனம் எடத்துல 30 சதவீதம் ஸ்ட்ரான்சியம் வச்சீங்கன்னா அது 2+, சார்ஜ் சரிக்கட்டணும்ல, அதனால 30 சதவீதம் மாங்கனீஸ் 4+ ஆயிடும், அதுங்க கிட்ட 3 எலக்ட்ரான் தான். பக்கத்து 3+ல இருக்கற நாலாவது எலக்ட்ரான் ஆக்சிஜன் வழியா இங்க தாவும், ஆனா ஹுண்ட் ரூல் (ஒரே அணுவுல எலக்ட்ரான் ஸ்பின் எல்லாம் ஒரே பக்கம் இருக்க பாக்கும்) இருக்கறதால ரெண்டு மாங்கனீஸ் ஸ்பின்னும் ஒரே திசைல இருந்தா தான் லேசா தாவும், தாவினா எனர்ஜி குறையும், அதுக்காகவே ஸ்பின் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிடுது. 1951-ல ஜீனர் சொன்ன டபுள் எக்ஸ்சேஞ்ச் இது தான்.

அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். கால்சியமும் 2+ தானே, அதே 30 சதவீதத்துக்கு க்யூரி டெம்பரேச்சர் (இதுக்கு மேல போனா காந்தத் தன்மை போயிடும்) ஏன் 250 கெல்வின் கிட்ட நிக்குது, ஸ்ட்ரான்சியத்துக்கு ஏன் 370 கிட்ட போவுது? சைஸு பா. கால்சியம் சின்னது, மாங்கனீஸ சுத்தி ஆறு ஆக்சிஜன் நிக்கற ஆக்டஹெட்ரா சாஞ்சிடும், மாங்கனீஸ்-ஆக்சிஜன்-மாங்கனீஸ் ஆங்கிள் 180 டிகிரிலேர்ந்து இன்னும் வளையும், தாவறது கஷ்டம். நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல 42 டிகிரி அடிச்சாலும் அது 315 கெல்வின் தான், ஸ்ட்ரான்சியம் பெல்லட் மேக்னட்ல ஒட்டும், கால்சியம் பெல்லட் ஏசி ரூம்லயும் ஒட்டாது, லிக்விட் நைட்ரஜன்ல முக்கி எடுத்தா ஒட்டும். கிடைச்சா செஞ்சு காட்டுங்க, நாலு பக்க தியரிய விட இது பேசும்.

மாங்கனீஸ் எடத்துல அயர்ன் போட்டவங்க உஷார். அயர்ன் 3+ சைஸும் மாங்கனீஸ் 3+ சைஸும் கிட்டத்தட்ட ஒண்ணு, எக்ஸ்ஆர்டி பீக் பெருசா நகராது, ஆனா க்யூரி டெம்பரேச்சர் எறங்கிடும். அயர்ன் 5 எலக்ட்ரானோட நிக்குது, தாவறதுல சேராது, ரூட்டு அங்க கட்.

லாந்தனம் ஆக்சைடு ஈரத்த இழுக்கும், ஐப்பசி மழைல கேக்கவே வேணாம். 900 டிகிரிக்கு மேல சுட்டுட்டு உடனே எட போடுங்க, இல்லன்னா ரேஷியோவே தப்பாயிடும்.

கடைசியா மொமெண்ட். எலக்ட்ரானுக்கு ஒண்ணுன்னு வச்சா 0.7 பங்கு மாங்கனீஸ் 3+க்கு 4, 0.3 பங்கு 4+க்கு 3, பங்கால பெருக்கி கூட்டினா ஃபார்முலா யூனிட்டுக்கு 3.7 போர் மேக்னட்டான் (காந்த மொமெண்ட்டோட யூனிட்). உங்க விஎஸ்எம் வேல்யூ கம்மியா வந்திருக்கும், பயப்படாதீங்க, 3.7 ரொம்ப கீழ டெம்பரேச்சருக்கு, உங்களுது ரூம் டெம்பரேச்சர்ல எடுத்தது, க்யூரி பாயின்ட் அங்கேர்ந்து கிட்ட தான இருக்குது. கிராஃப் மேலயே எத்தன கெல்வின்னு எழுதி வச்சிடுங்க.